இரண்டு சான்றிதழ், ஒரே கை

புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். திருமயம், இலுப்பூர், குளத்தூர் வட்டாரங்களில் குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் பரவிக் கிடக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்து நாடு முழுக்கப் பேசவைத்த மாவட்டம் இது. இங்கே வேலை நேரத்தில் ஒருவருக்கு அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். தவறு யார் மீது என்ற கேள்விகூட பெரும்பாலும் எழாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் விபத்து நடந்ததா, வேலை நேரத்தில்தான் நடந்ததா என்பவற்றைவிட அதிகமாக அடிபடும் கேள்வி வேறு. தொழிலாளியின் கையில் ஒரு மருத்துவரின் சான்றிதழ் இருக்கிறது, 50 சதவீத ஊனம் என்கிறது. முதலாளியின் சார்பில் வரும் இன்சூரன்ஸ் கம்பெனியின் கையில் இன்னொரு மருத்துவரின் சான்றிதழ் இருக்கிறது, 15 அல்லது 20 சதவீதம் என்கிறது. ஒரே கை, ஒரே எக்ஸ்ரே. யாரை நம்புவது?

இந்த முரண்பாடு ஏன் வருகிறது என்பதைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பழைய சட்டத்தின் முதல் அட்டவணை காயங்களுக்கு விலைப்பட்டியல் போட்டிருக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஆள்காட்டி விரலின் ஒரு கணு போனால் 9. ஒரு கண் போய், மற்றக் கண் நன்றாக இருந்தால் 40. படிக்கும்போது மனம் கூசினாலும், இதில் ஒரு நன்மை உண்டு: விரல் இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு மருத்துவர்கள் சண்டை போட முடியாது. சிக்கல் அட்டவணையில் இல்லாத காயங்களில்தான். எலும்பு முறிவு அதில் இல்லை. முதுகுத்தண்டில் பட்ட அடி இல்லை. தலைக்காயத்துக்குப் பிறகு வரும் தலைசுற்றல் இல்லை. குவாரியிலும் கிரஷரிலும் கட்டட வேலையிலும் அன்றாடம் நடப்பவையோ பெரும்பாலும் இவைதான். இவற்றுக்குச் சட்டம் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் மதிப்பிடும் அளவுக்கு இழப்பீடு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ள யாரும் அப்படி மதிப்பிடலாம், எலும்பு மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எதை மதிப்பிடச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது. மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தருவது உறுப்பின் இயக்கம் எவ்வளவு குறைந்தது என்பது. சம்மட்டி பிடித்துக் கல் உடைக்கும் 40 வயதுத் தொழிலாளி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பாறை சரிந்து வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிகிறது. மாவுக்கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது, ஆனால் சற்றுக் கோணலாகக் கூடியிருக்கிறது. சாதாரண மணிக்கட்டு உள்பக்கமாக ஏறக்குறைய 70 டிகிரிக்கும் மேல் மடங்கும், இவருடையது பாதிகூட மடங்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பினால் வலி. இன்சூரன்ஸ் தரப்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்க்கிறார், எலும்பு கூடியிருக்கிறது, கோணமானி வைத்து அளக்கிறார், 20 சதவீதம் என்று எழுதுகிறார். அந்த அளவில் பொய் இல்லை. சிகிச்சை கொடுத்த மருத்துவருக்கோ, ஆறு மாதம் கழித்தும் அந்த மனிதரால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை என்பது தெரியும். கல்லில் சம்மட்டி விழும்போது எழும் அதிர்ச்சி நேராக அந்த மணிக்கட்டில்தான் இறங்கும் என்பதும் தெரியும். அவர் 50 என்று எழுதுகிறார். அதிலும் பொய் இல்லை. ஒருவர் துணியை முழத்தில் அளந்தார், இன்னொருவர் நெல்லைப் படியில் அளந்தார். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து எது சரி என்று கேட்பதே பிழை.

அந்த இடைவெளியின் விலை என்ன என்பதையும் பார்த்துவிடலாம். முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்தக் காரணி 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரி அறிவிப்பின்படி கணக்கில் எடுப்பது மாதம் 15,000 ரூபாய் வரைதான். ஆக முழுத் தொகை 16,57,530 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இதில் சதவீதம் பிடிக்க வேண்டும். 20 சதவீதம் என்றால் 3,31,506 ரூபாய், 50 என்றால் 8,28,765 ரூபாய். ஒரு மருத்துவரின் பேனாவுக்கும் இன்னொருவரின் பேனாவுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய். கூலிவேலை செய்யும் குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் இந்தத் தொகையைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட வழக்குகளில் எளிதாகக் கைக்கு வரும் வழி ஒன்று உண்டு. 50-க்கும் 20-க்கும் நடுவே 35 என்று போட்டுவிடுவது. இரு தரப்புக்கும் பாதிப் பாதி, யாரும் பெரிதாகக் கோபப்பட மாட்டார்கள். இது நியாயம் போலத் தோன்றும், நியாயம் அல்ல. ஏனென்றால் 35 என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அதற்குக் காரணமும் எங்கும் எழுதப்படவில்லை. அதோடு, நடுவில் வெட்டும் பழக்கம் தெரிந்துவிட்டால் இரண்டு தரப்பும் தங்கள் எண்ணை இழுத்துப் பிடிக்கும்: ஒருவர் 50-ஐ 70 ஆக்குவார், மற்றவர் 20-ஐ 10 ஆக்குவார். நேர்மையாக எழுதிய மருத்துவரின் எண்தான் அதில் அடிபடும்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் சினிமா கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968 ஜூலையில் கீழே விழுந்தார். இடது கையை முழங்கையை ஒட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது 70 சதவீதம்தான் என்றார் முதலாளி. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது 1975 டிசம்பரில் வந்த தீர்ப்பு. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்துவைப்பது இதைத்தான். 2008-இல் வந்த கே. ஜனார்த்தன் வழக்கிலும் இதே கதை. டேங்கர் லாரி ஓட்டுநர் வலது காலை முழங்கால் வரை இழந்தார். இழப்பீட்டு வழக்கை முதலில் விசாரித்த ஆணையர் நூறு சதவீதம் என்றார், கர்நாடக உயர் நீதிமன்றம் அதை 65 ஆகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் நூறாக்கியது. இரண்டு வழக்கிலும் காயத்தின் அளவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்தக் காயத்தோடு அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

மருத்துவரின் எல்லை எது, தீர்ப்பளிப்பவரின் எல்லை எது என்பதை இன்னும் தெளிவாக்கியது 2010 அக்டோபரில் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு. அது சாலை விபத்து வழக்கு என்றாலும், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அதில் பிரித்துக் காட்டியது இங்கும் பொருந்துகிறது. உடலில் எவ்வளவு ஊனம் என்பதை மருத்துவர் சொல்லலாம்; அதனால் வருமானம் எவ்வளவு போகும் என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கையை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும், அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். அதே தீர்ப்பு தொழிலாளி தரப்புக்கும் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது: ஒரு காலில் 45 சதவீத ஊனம் என்றால் உடல் முழுவதற்கும் 45 என்று பொருள் ஆகாது. சிகிச்சையே கொடுக்காமல் தாராளமாகச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களைக் குறித்தும் அது கடுமையாகவே பேசியது.

இங்கேதான் முதல் ஆட்சேபம் வரும். தொழிலாளிக்குத் தெரிந்த மருத்துவர் சொல்வதற்கெல்லாம் மதிப்புக் கொடுத்தால் பொய்ச் சான்றிதழ் பெருகாதா? பெருகும். விபத்து வழக்குகளில் கேட்கிற சதவீதத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும் இடங்கள் இருப்பது நீதிமன்றங்களுக்கும் தெரியும். ஆனால் இதற்கு மருந்து, தொழிலாளி கொண்டுவரும் மருத்துவர்களை எல்லாம் சந்தேகிப்பது அல்ல. கேட்க வேண்டியவை மூன்றே மூன்று: இவர் சிகிச்சை கொடுத்தவரா, எத்தனை முறை பார்த்தார், எண்ணுக்குப் பின்னால் காரணம் எழுதியிருக்கிறாரா. விபத்து நாளிலிருந்து பார்த்துவரும் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவரும், வழக்குப் போட்ட பிறகு ஒரே ஒரு நாள் பார்த்தவரும் ஒரே தராசில் ஏற முடியாது. இந்த அளவுகோல் முதலாளி தரப்பு மருத்துவருக்கும் பொருந்தும். விபத்துத் தகவல் கிடைத்த மூன்று நாளுக்குள் முதலாளி தன் செலவில் தொழிலாளியைப் பரிசோதனைக்கு அழைக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. போக மறுத்தால் இழப்பீட்டு உரிமையே நிறுத்திவைக்கப்படும். ஆகவே போகத்தான் வேண்டும். போய்வந்த பிறகு அந்த அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குவது நல்லது. அங்கே எத்தனை நிமிடம் பார்த்தார்கள், எதை அளந்தார்கள் என்பது பின்னால் குறுக்கு விசாரணையில் பேசும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நியாயமாக ஒலிக்கும். இரண்டு மருத்துவர்களும் வேண்டாம், எல்லாரையும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பிவிடலாமே? 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓட வேண்டியதில்லை. பொய்யும் மிகையும் இருக்கும் வழக்குகளில் குழு நிச்சயம் உதவும். ஆனால் குழுவின் கையில் இருக்கும் அளவுகோல் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு வழிகாட்டி. உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் 40 சதவீதம் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காக எழுதப்பட்டது அது. எழுத்தரின் மணிக்கட்டுக்கும் கல் உடைப்பவரின் மணிக்கட்டுக்கும் அதில் ஒரே எண்தான் வரும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகும் பலருக்குத் தெரிந்த சிங்கப்பூரில், மருத்துவர் தரும் சதவீதத்தில் தகராறு வந்தால் மருத்துவ வாரியத்திடம் விட்டுவிடுகிறார்கள். தகராறு சீக்கிரம் தீர்கிறது என்பது அதன் நன்மை. ஆனால் அங்கே கணக்கிடப்படுவது உடலின் ஊனம். நம் சட்டம் கேட்பதோ பிழைப்பின் இழப்பு. அந்தக் கேள்வியைச் சொல்லாமல் குழுவுக்கு அனுப்பினால் முரண்படும் இரண்டு எண்களோடு மூன்றாவதும் சேரும்.

மூன்றாவது ஆட்சேபம் சட்டத்தின் சொற்களிலிருந்தே வருகிறது. நிரந்தரப் பகுதி ஊனம் என்றால், விபத்தின்போது அவர் செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலையிலும் சம்பாதிக்கும் திறன் குறைந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கல் உடைக்க முடியாவிட்டால் என்ன, வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே என்று இன்சூரன்ஸ் வழக்கறிஞர் கேட்பார். இதை ஒதுக்கித் தள்ள முடியாது; உண்மையிலேயே வேறு வேலை இருந்தால் இழப்பு குறைவுதான். ஆனால் பள்ளிப் படிப்பு முடிக்காமல் இருபது ஆண்டு உடலுழைப்பில் கழித்தவருக்கு இலுப்பூர் பக்கத்தில் எத்தனை வாட்ச்மேன் வேலை இருக்கிறது, அதற்கு என்ன சம்பளம் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். மாற்று வேலை என்பது காகிதத்தில் இருந்தால் போதாது, அவர் கைக்கு எட்ட வேண்டும். தச்சர் வழக்கிலும் ஓட்டுநர் வழக்கிலும் அவர்கள் செய்துவந்த வேலையை மையத்தில் வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. இது மருத்துவர் பதில் சொல்லக்கூடிய கேள்வியே அல்ல, இதற்குச் சாட்சி மேஸ்திரியும் உடன் வேலை செய்தவர்களும்தான்.

கல்லோடு பழகும் மாவட்டத்தில் சொல்லாமல் விடக்கூடாத இன்னொரு மருத்துவ முரண்பாடு இருக்கிறது. கிரஷரில் பல ஆண்டு வேலை பார்த்தவருக்கு இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு. ஒரு மருத்துவர் காசநோய் என்பார். இன்னொருவர் சிலிகோசிஸ், அதாவது கல்தூசி நுரையீரலில் படிந்து ஏற்படும் நோய் என்பார். சிலிகோசிஸ் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாக இருக்கிறது, இழப்பீடு உண்டு. கிரஷர் தொழிலாளிக்குக் காசநோய் என்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும். எக்ஸ்ரேயில் இரண்டும் மேல் நுரையீரலில்தான் நிழல் காட்டும். அனுபவம் இல்லாத கண்ணுக்குப் பிரித்துப் பார்ப்பது கடினம். அதோடு, கல்தூசி நுரையீரலின் காவல் செல்களைக் கெடுப்பதால் சிலிகோசிஸ் வந்தவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். அதனால் இரண்டு மருத்துவர்களும் சரியாகச் சொல்லியிருக்கலாம், ஒரே நெஞ்சில் இரண்டு நோயும் இருக்கலாம். சளியில் கிருமி இல்லையா, ஆறு மாத மருந்துக்குப் பிறகும் மூச்சிரைப்பு அப்படியே இருக்கிறதா, நோயாளி என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டு செய்தார் என்று கேட்ட பிறகே இதைப் பிரிக்க முடியும். கடைசிக் கேள்வி பல மருத்துவச் சீட்டுகளில் எழுதப்படுவதே இல்லை.

மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊனம் எவ்வளவு என்பது உண்மை சார்ந்த கேள்வி. அதில் விசாரிக்கும் அலுவலரின் முடிவே இறுதி, சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர் நீதிமன்றம் தலையிடலாம். 2016 நவம்பரில் கோல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. புதுக்கோட்டை வழக்குகள் போகும் மதுரைக் கிளையும் இதற்கு விலக்கல்ல. அதனால் இரண்டு மருத்துவர்களின் சண்டை முதல் விசாரணையிலேயே தீர்ந்தாக வேண்டும். அதற்கான சாட்சியம் விபத்து நடந்த இரவே தொடங்கிவிடுகிறது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், ஏ.ஆர். காப்பி என்று எல்லாரும் சொல்வதில், வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது என்று பதிவாக வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொன்னால் கேட்கக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஒவ்வொரு மறுபரிசோதனைச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். சிகிச்சை கொடுத்த மருத்துவர் சாட்சி சொல்ல வருவது கடினம்தான், அரசு மருத்துவமனைகளின் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வராவிட்டால் அவருடைய காகிதம் குறுக்கு விசாரணைக்கு முன் நிற்காது. திருப்பூரிலோ சென்னையிலோ அடிபட்டு ஊர் திரும்பியவர்கள் அங்கேயே போய் வழக்குப் போட வேண்டியதில்லை. குடியிருக்கும் பகுதிக்கான அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் பொறுப்பாளரும் தொழிலாளிக்காக ஆஜராகலாம்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. இழப்பீட்டு வழக்குக்கென்று ஒரே மாதிரியான மருத்துவப் படிவம் வேண்டும். அதில் சதவீதத்துக்கு முன்பாக வேறு மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும். முதல் கட்டத்தில், தொழிலாளி காயத்துக்கு முன் செய்த வேலை என்ன, அதில் எதைத் தூக்கினார், எதைப் பிடித்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதைத் தொழிலாளர் துறையே எழுதி அனுப்ப வேண்டும். இரண்டாவதில் உறுப்பின் அளவை மருத்துவர் எழுதட்டும், எந்த வழிகாட்டியின்படி அளந்தார் என்பதோடு. மூன்றாவதில், முதல் கட்டத்திலுள்ள வேலைகளில் இனி எவற்றைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுதட்டும். இரண்டு தரப்பு மருத்துவர்களும் இதே படிவத்தை நிரப்பினால், விசாரிப்பவர் எண்களைப் பார்க்கும் முன்பே எந்தக் கட்டத்தில் கருத்து பிரிகிறது என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான வழக்குகளில் இரண்டாவது கட்டம் ஒத்துப்போகும், மூன்றாவதை ஒரு தரப்பு காலியாக விட்டிருக்கும்.